கடல் விதித்த நிபந்தனைகள்

மாலத்தீவுகளில், மாலே நகருக்கு வடமேற்கே அமைந்துள்ள பா அடோல் என்னும் பவளத்தீவு வளையத்தில், தென்மேற்குப் பருவக்காற்று முழு வேகத்தோடு வீசிக்கொண்டிருந்த ஓர் ஆகஸ்டு மாதத்தில், கடலுக்குள் மூழ்கிப் பார்ப்பதையே நோக்கமாகக் கொண்டு நானும் என் நண்பரும் தங்கியிருந்த நாட்களை இப்போது நினைத்துப் பார்க்கையில், அங்கே அடைந்த ஆனந்தங்களை ஒரு பக்கத்திலும் பட்ட ஏமாற்றங்களை மறுபக்கத்திலும் தனித்தனியே எழுதிக் காட்டுவது இயலாத காரியமென்றே எனக்குத் தோன்றுகிறது. ஏனெனில், எங்களை வருத்திய அதே காற்றும் மழையும் நீரோட்டமுமே எங்களுக்கு வாய்த்த மகத்தான காட்சிகளையும் கொண்டுவந்து சேர்த்தன. ஆனால் அந்தக் கணக்கில் சேராத துக்கம் ஒன்றும் உண்டு. அதையும் சேர்த்துச் சொல்லவேண்டும் என்ற எண்ணமே என்னை எழுதத் தூண்டியது.

ஜனவரி முதல் ஏப்ரல் வரையுள்ள வறண்ட மாதங்களே அந்தத் தீவுகளுக்குச் செல்ல உகந்த காலமென்று அனுபவஸ்தர்கள் பலர் எங்களுக்கு எடுத்துரைத்தார்கள். வானம் அப்போது நிர்மலமாக இருக்கும். கடல் அடங்கிக் கிடக்கும். தண்ணீரோ கண்ணுக்கெட்டிய தூரம் தெளிந்திருக்கும். இவ்வளவும் அறிந்திருந்தும் நாங்கள் ஆகஸ்டு மாதத்தைத் தேர்ந்ததற்குக் காரணம், மாண்டா என்று உலகம் அழைக்கும் ஆனைத்திருக்கைகள் பா அடோலில் பெருங்கூட்டமாகக் கூடும் பருவம் அதுவே என்பதுதான். மே முதல் நவம்பர் வரை, பருவக்காற்றினால் உந்தப்படும் நீரோட்டம் மேற்கிலிருந்து கிழக்கு நோக்கித் தீவுகளின் இடையே பாய்ந்து செல்லும்போது, ஆழத்திலுள்ள சத்து மிகுந்த நீர் மேலெழுந்து, கண்ணுக்குப் புலப்படாத மிதவையுயிர்கள் கோடி கோடியாகப் பெருகுகின்றன. அவற்றை உண்ணவே திருக்கைகள் வருகின்றன. நீர் கலங்கினால்தான் விருந்து. தெளிந்துவிட்டால் விருந்தாளிகளும் இல்லை. இந்த உண்மையைப் புத்தகத்தில் படித்து ஒப்புக்கொள்வது எளிது; கப்பல்தளத்தில் நனைந்துகொண்டு ஒப்புக்கொள்வது அத்தனை எளிதன்று என்பதைப் பின்னால்தான் உணர்ந்தோம்.

திருவனந்தபுரத்திலிருந்து மாலேக்கு விமானம் செல்ல அதிக நேரம் பிடிப்பதில்லை. ஆனால் அங்கிருந்து அடோலுக்குச் செல்லவேண்டிய கடல்விமானம், பகல் வெளிச்சத்திலும் பார்வைக்கு வழி தெரியும் வேளையிலும் மட்டுமே பறக்கும். நாங்கள் போய் இறங்கிய அன்று பிற்பகல் முழுவதும் மழைத்திரை விலகாதிருந்தமையால், விமான நிலையத்திலேயே காத்துக் கிடந்து, இருட்டிய பிறகு மாலேயில் ஒரு சிறிய விடுதியில் அந்த இரவைக் கழித்தோம். மறுநாள் காலை மேகங்களின் இடைவெளியில் விமானம் எழும்பியபோது, கீழே விரிந்த காட்சி எங்களுடைய சோர்வையெல்லாம் போக்கிவிட்டது. கருநீலக் கடலின் நடுவே வெளிர்பச்சை வளையங்கள், அவ்வளையங்களின் விளிம்பில் மணல் திட்டுகள், திட்டுகளின் மேல் தென்னந்தோப்புகள். எரிமலைத் தீவொன்று மெல்ல மெல்லக் கடலில் அமிழ, அதன் ஓரத்தில் வளர்ந்த பவளம் ஒளியை நாடி மேல் நோக்கி வளர்ந்துகொண்டே வந்ததனால் இவ்வளையங்கள் உண்டாயின என்று டார்வின் 1842-ல் எழுதினார். பிற்காலத்தில் அத்தீவுகளில் ஆழத் துளையிட்டபோது, ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் கனமுள்ள சுண்ணாம்புப் பாறைக்கு அடியில்தான் எரிமலைப் பாறை தென்பட்டது. ஊசிமுனை அளவுள்ள பிராணிகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டி எழுப்பிய பூமி அது என்று எண்ணியபோது, அதன் மேல் கால் வைப்பதற்கே ஒருவித பக்தி உண்டாயிற்று.

மாலத்தீவுகளில் உல்லாச விடுதிகளின் சரித்திரம் நீண்டதன்று. 1972-ல் குரும்பா என்னும் முதல் விடுதி திறக்கப்பட்டது. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்னும் முறை அப்போதிருந்து வேரூன்றிவிட்டது. நாங்கள் தங்கிய தீவும் அவ்விதமானதே. கால்மணி நேரத்தில் சுற்றி வந்துவிடலாம். அங்கே எனக்கு மிகவும் பிடித்துப்போனது காலை உணவு. சூரை மீனைத் துருவிய தேங்காய், வெங்காயம், பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றோடு கையால் பிசைந்து, மெல்லிய ரொட்டியோடு பரிமாறுகிறார்கள்; மாஸ் ஹுனி என்று அதற்குப் பெயர். தூத்துக்குடிக் கடைத்தெருவில் மாசிக்கருவாடாக நமக்கு அறிமுகமான அதே சூரைதான் அது. அந்த மீனை அவர்கள் வலை வீசிப் பிடிப்பதில்லை. தூண்டிற்கழி கொண்டு ஒவ்வொன்றாகவே பிடிக்கிறார்கள். ஆகையால் ஆமையும் ஓங்கிலும் அதில் சிக்கி வீணாய் மடிவதில்லை.

எங்கள் தோணியின் தலைவர் அறுபதைக் கடந்த முதியவர். வாலிபத்தில் சரக்குத் தோணிகளில் தூத்துக்குடிக்கு வந்துபோனவராகையால், துறைமுகத்துத் தமிழ் அவருக்கு நன்றாக வந்தது. நாங்கள் தமிழர்கள் என்று தெரிந்துகொண்ட கணத்திலிருந்து எங்களை "அண்ணாச்சி" என்றே அழைத்தார். நாங்களும் அவரைப் பெரியவரே என்று அழைக்கலானோம்.

முதல் முழுக்கு, கரையை ஒட்டிய ஆழமில்லாத நீரில், எங்களுடைய பயிற்சியைச் சோதிப்பதற்காக நடந்தது. 1943-ல் கூஸ்தோ, கான்யான் என்னும் பிரெஞ்சுக்காரர் இருவர், மூழ்குபவன் மூச்சை இழுக்கும்போது மட்டும் சுற்றிலுமுள்ள நீரின் அழுத்தத்துக்கு ஏற்றபடி காற்றை விடும் கருவியைச் செய்து முடித்தார்கள். அதன் வழித்தோன்றலைத்தான் நாங்கள் பல்லில் கடித்திருந்தோம். பத்து மீட்டர் இறங்கினால் உடலின் மேலுள்ள அழுத்தம் இரு மடங்காகிறது. அங்கே நிரம்ப இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அது விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். ஆகவே மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பதே முதல் விதி. நம் சங்குகுளிகாரர்களின் வித்தை முழுவதும் மூச்சை அடக்குவதில் இருக்க, இந்த வித்தை முழுவதும் அடக்காமலிருப்பதில் இருப்பதை எண்ணி வியந்தேன்.

விதிகளையெல்லாம் மனம் உருப்போட்டுக்கொண்டிருக்க, உடல் தானாகவே இறங்கிக்கொண்டிருந்தது. எடை அற்றுப்போயிற்று. காதில் விழுந்த ஒரே ஓசை என் சுவாசம். அடுத்தபடியாக, கிளிமீன்கள் தம் அலகினால் பாறையைக் கொறிக்கும் சிறு சத்தம். நீர் சிவப்பு நிறத்தை முதலில் விழுங்கிவிடுகிறது; பத்து மீட்டருக்குக் கீழே எல்லாம் நீலமும் சாம்பலுமாகவே தெரியும். பாறையின் கவிந்த கூரைக்கு அடியில் எங்கள் வழிகாட்டி கைவிளக்கின் ஒளியைப் பாய்ச்சினார். மங்கலாகத் தொங்கிய மென்பவளங்கள் ஒரு நொடியில் குங்குமச் சிவப்பும் மஞ்சளுமாக எரிந்தன. விளக்கை அணைத்ததும் மீண்டும் சாம்பலாயின. யாரும் பார்க்காதபோதும் அந்த வர்ணங்கள் அங்கே இருந்துகொண்டேதான் இருக்கின்றன என்ற அறிவு எனக்குச் சொல்லொணாத சந்தோஷத்தைத் தந்தது.

ஆனால் என் நண்பருக்கு அந்த ஆனந்தம் நீடிக்கவில்லை. மாலேயில் மழையில் நனைந்ததனால் ஏற்பட்ட ஜலதோஷம் அவருடைய காதுகளை அடைத்துவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் நடுச்செவிக்குள் காற்றுப் புகுந்து வெளி அழுத்தத்தைச் சமன்செய்ய வேண்டும். அவருக்கு அது நடக்கவில்லை. மூன்று மீட்டரிலேயே வலி தாங்காமல் கையால் சைகை காட்டி மேலேறினார். அன்று மாலை மருத்துவர் காதைப் பரிசோதித்து, செவிப்பறை சிவந்திருப்பதாகவும், அது குணமாகும் வரை மூழ்கக் கூடாதென்றும் சொல்லிவிட்டார். ஆண்டுக்கணக்கில் பணம் சேர்த்து, விடுப்புக்காக மேலதிகாரியிடம் மன்றாடி, அத்தனை தூரம் வந்த மனிதர் அவர். அன்றிரவு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்.

"நீங்கள் என்னை உத்தேசித்து ஒரு முழுக்கையும் விட்டுவிடக் கூடாது. நீங்கள் கண்டதை எனக்கு வந்து சொன்னால் போதும்" என்றார் அவர்.

"சொல்லுவேன். ஆனால் அது கண்டதற்கு ஈடாகுமா?" என்றேன்.

"ஆகாதுதான். ஆனாலும் சொல்லுங்கள்."

அதன்பின் மழை நாட்கள் வந்தன. தோணி படகுத்துறையில் கட்டியபடியே கிடந்தது. சில காலைகளில் புறப்பட்டுப் போயும், அலையின் உக்கிரத்தில் பயணிகளில் பாதிப்பேர் வாந்தியெடுத்துக் களைத்துத் திரும்பியதுண்டு. ஒரு நாள், அடோலின் விளிம்பிலுள்ள வாய்க்காலொன்றில் இறங்கினோம். பாறையை நெருங்குமுன்பே நீரோட்டம் எங்களைப் பக்கவாட்டில் தூக்கிச் சென்றது. எவ்வளவு காலை உதைத்தாலும் ஓரடி முன்னேற முடியவில்லை. உதைக்க உதைக்கச் சிலிண்டரிலுள்ள காற்று வேகமாகக் குறைந்தது. வழிகாட்டி கட்டைவிரலை உயர்த்தி, முழுக்கு முடிந்ததென்று காட்டினார். கலங்கிய நீரைத் தவிர வேறொன்றையும் காணாமல் மேலே வந்து, நான் தோணியில் ஏறிச் சலித்துக்கொண்டதைக் கேட்ட பெரியவர், சுக்கானை விடாமலே சொன்னார்: "ஓட்டத்தைக் குறை சொல்லாதீங்க அண்ணாச்சி. ஓட்டம் இல்லாத கடல்ல மீனுக்கு என்ன சோறு இருக்கு?"

அவர் சொன்னதன் பொருளை அடுத்த முழுக்கிலேயே கண்ணாரக் கண்டேன். அடோலின் உட்புறத்தில், கடலடியிலிருந்து எழுந்து நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நின்றுவிடும் குன்றுகளைத் திலா என்கிறார்கள். நீரோட்டம் மிதமாக இருந்த ஒரு பொழுதில் அத்தகைய திலா ஒன்றில் இறங்கி, ஓட்டம் மோதும் முகப்பில் பாறையின் மறைவிலே ஒண்டிக்கொண்டு பார்த்தோம். கடலின் மக்கள்தொகை முழுவதும் அந்த முகப்பிலேதான் குடியிருந்தது. ஓட்டத்தை எதிர்நோக்கி வரிசை வரிசையாக நின்ற மீன்கூட்டங்களின் ஊடே சாம்பற் சுறாக்கள் அவசரமின்றி ரோந்து வந்தன. 2010-ல் மாலத்தீவு அரசாங்கம் சுறாப் பிடிப்பதை அடியோடு தடை செய்தது. அச்சட்டத்தின் பலனை நான் அன்று நேரில் தரிசித்தேன்.

அந்தத் திலாவின் ஒரு முடுக்கில் கண்ட காட்சி இன்னும் என் மனத்தை விட்டு அகலவில்லை. நான்கடி நீளமுள்ள களவா மீன் ஒன்று வாயை அகலத் திறந்து, செவுள்களை விரித்து, அசையாமல் நின்றது. விரல் நீளமே உள்ள நீலக்கோட்டு மீன் ஒன்று அதன் உதட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்து, பல்லிடுக்குகளில் ஒட்டியிருந்த புல்லுருவிகளைக் கொத்தித் தின்று, செவுள் வழியாக வெளியே வந்தது. பின்னால் வேறு இரண்டு மீன்கள் தம் முறைக்காகக் காத்திருந்தன. விழுங்க வல்லது விழுங்காமலிருக்கிறது; விழுங்கப்படக்கூடியது அஞ்சாமல் வேலை செய்கிறது. இருவருக்கும் லாபமான ஓர் உடன்படிக்கை அங்கே ஓசையின்றி நிறைவேறிக்கொண்டிருந்தது. மேலேறும் வழியில் ஐந்து மீட்டர் ஆழத்தில், உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறுவதற்காக மூன்று நிமிஷம் தரித்து நின்றபோது, நண்பருக்கு இதை எந்த வார்த்தைகளில் சொல்வதென்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் அந்தப் பிரயாணத்தின் சிகரமான காட்சியை அவருக்கு நான் சொல்லவேண்டிய அவசியம் ஏற்படவில்லை. பா அடோலின் கீழ்த்திசை ஓரத்தில் ஹனிஃபாரு என்று ஒரு சிறு வளைகுடா உண்டு. பருவ நீரோட்டமும் ஏற்றவற்றமும் ஒன்றையொன்று எதிர்க்கும் நாட்களில், மிதவையுயிர்கள் அதற்குள் அடித்துச் செல்லப்பட்டு, வெளியேற வழியின்றித் தேங்கி நிற்கின்றன. 2009-ல் அது பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் பா அடோல் முழுவதையும் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டில், மூழ்குபவர்கள் விடும் காற்றுக்குமிழிகள் திருக்கைகளைக் கலைக்காதிருக்கும்பொருட்டு, சிலிண்டரோடு அங்கே இறங்குவது தடுக்கப்பட்டது. மேல்மட்டத்தில் மிதந்து, மூச்சுக்குழல் வழியாகச் சுவாசித்துக்கொண்டு பார்க்க மட்டுமே அனுமதி. மேல்மட்டத்தில் மிதப்பதற்குக் காது தடையல்லவே! மருத்துவரின் சம்மதத்தோடு நண்பரும் என்னுடன் இறங்கினார்.

முதலில் பச்சைக் கலங்கலைத் தவிர எதுவும் தெரியவில்லை. பிறகு அந்தக் கலங்கலிலிருந்து ஒரு வெள்ளை வாய் வெளிப்பட்டது. அதன் பின்னே ஆளைவிட இருமடங்கு அகலமுள்ள உடல். அதைத் தொடர்ந்து மற்றொன்று, அதன் பின்னால் இன்னொன்று. தலையின் இருபுறத்துத் துடுப்புகளை விரித்து உணவை வாய்க்குள் ஒதுக்கிக்கொண்டு, களத்திலே பிணையல் கட்டிய மாடுகள் போரடித்துச் சுற்றி வருவதுபோல அவை ஒன்றன்பின் ஒன்றாக வட்டமிட்டன. அவற்றின் அடிவயிற்றில் கரும்புள்ளிகள் உண்டு, ஒன்றுக்கிருப்பது மற்றொன்றுக்கில்லை. அப்புள்ளிகளைக் கொண்டே ஆராய்ச்சியாளர்கள் மாலத்தீவுக் கடலில் ஆயிரக்கணக்கான திருக்கைகளைத் தனித்தனியே அடையாளங்கண்டு பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரு திருக்கை என் மார்புக்குக் கீழே கையெட்டும் தூரத்தில் வந்து, மோதுவதற்கு ஒரு விரற்கடை இருக்கையில் தன் இறக்கையை இலேசாகச் சாய்த்து விலகிச் சென்றது. அதன் கண் என்னைப் பார்த்தது. விதித்த நேரம் முடிந்து தோணியில் ஏறியபோது நண்பர் அழுதுகொண்டிருந்தார். சிலிண்டர் சுமந்து ஆழத்துக்குச் சென்ற நானும், சுமக்க இயலாத அவரும், அந்தப் பெரும்பேற்றை ஒரே மட்டத்தில் மிதந்தவாறு சமமாகப் பெற்றோம். பெரியவர் வானத்தைக் காட்டினார். எங்களை நாட்கணக்கில் அடைத்துவைத்த அதே கருமேகங்கள் அப்போதும் அங்கே நின்றன.

இனி, அந்தக் கணக்கில் சேராத துக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் விடுதியின் கரையை அடுத்த பவளப்பாறை, ஆழமில்லாத பகுதியில் பெரும்பாலும் மடிந்து கிடந்தது. பவளப் பிராணியின் தசைக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவு சமைத்து அதற்கு ஊட்டுகின்றன. நிறத்தைத் தருவனவும் அவையே. கடல்நீரின் வெப்பம் வழக்கமான உச்சத்தை ஒரு டிகிரி தாண்டிச் சில வாரங்கள் நீடித்தால், பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. வெப்பம் தணியாவிடில் பட்டினியால் மடிகிறது. மாலத்தீவுகளில் 1998-ல் ஆழமற்ற நீரிலிருந்த பவளங்களில் மிகப் பெரும்பகுதி இவ்விதம் மாண்டது. சில இடங்களில் மெல்ல மீண்டுவந்ததை 2016-ன் வெப்பம் மறுபடியும் தாக்கிற்று. "1998-க்கு முன்னாடி இந்தத் துறையில தோணியில நின்னு பாத்தாலே கீழ பூந்தோட்டமா இருக்கும் அண்ணாச்சி. அந்த வருஷம் எல்லாம் வெள்ளையாச்சு. முதல்ல அழகாத்தான் இருந்துச்சு, அப்புறம்தான் செத்துப்போச்சுன்னு தெரிஞ்சுது" என்றார் பெரியவர்.

அந்தச் சிதைவுக்கு நடுவே, மேசையளவு படர்ந்த இளம் பவளம் ஒன்று உயிரோடு இருந்தது; நுனிகளெல்லாம் ஊதா நிறம். ஒரு பிற்பகலில் புகைப்படம் எடுக்க வந்த பயணி ஒருவர் நிலைகொள்வதற்காக அதன் விளிம்பைப் பற்றிக்கொண்டார். கிளை முறிந்தது. முறிந்த இடம் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரிந்தது. அவர் படத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். இரண்டு வெப்பப் பேரழிவுகளுக்குப் பின்னும் முளைத்து வளர்ந்ததற்கு, ஒரு படத்துக்காக ஒரு நொடியில் சேதம் நேர்ந்தது. அன்று மாலை விடுதி மேலாளரிடம் இதைக் கூறியபோது, விருந்தினர்களைக் கடிந்துகொள்ள இயலாதென்று மரியாதையாகச் சொன்னார். எனக்கு ஏற்பட்ட கோபம் இன்றளவும் தணியவில்லை. தணிய வேண்டுமென்றும் நான் விரும்பவில்லை.

கடைசி நாளில் நாங்கள் நீரில் இறங்கவில்லை. பலமுறை மூழ்கியவன் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேரமாவது தரையில் இருக்கவேண்டும். இல்லையேல் உடலில் எஞ்சிய நைட்ரஜன் குமிழிகளாகி, மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். 1908-ல் ஹால்டேன் என்னும் விஞ்ஞானி ஆடுகளை அழுத்த அறைகளில் வைத்துச் சோதித்து, மூழ்குபவன் எவ்வளவு நேரம் எங்கே நின்று மேலே வரவேண்டுமென்று அட்டவணை வகுத்தார். கையில் கட்டும் சிறு கணிப்பொறி இன்று அதே வேலையைச் செய்கிறது. கடல் கண்ணெதிரே அமைதியாக, அத்தனை நாட்களிலும் இல்லாத தெளிவோடு கிடக்க, கரையில் உட்கார்ந்திருப்பது கடினமாகவே இருந்தது. ஆயினும் அந்தக் கட்டுப்பாட்டை நான் வெறுக்கவில்லை. காதுக்கு ஒரு விதி, மூச்சுக்கு ஒரு விதி, நீரோட்டத்துக்கு ஒரு விதி, ஏறிவருவதற்கு ஒரு விதி என்று அந்நாட்கள் முழுவதையும் கடல் வகுத்த விதிகளின் கீழேயே கழித்திருந்தோம். அவற்றால் இழந்ததும் உண்டு. ஆனால் பெற்றதெல்லாம் அவற்றாலேயே பெற்றோம்.

அந்தத் தீவுகளுக்குப் போகலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு, அவசியம் போங்கள் என்றே சொல்கிறேன். மழையும் கலங்கலும் காதுவலியும் நேர்ந்தால், அவை திருக்கைகளுக்கும் சுறாக்களுக்கும் நாம் செலுத்தும் காணிக்கை என்று பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் வெளுத்த பவளத்தைக் காணும்போது அந்தப் பொறுமையைக் கைவிட்டுவிடுங்கள். அது கடலின் சுபாவமன்று. நாம் எரிக்கும் கரியிலும் எண்ணெயிலுமிருந்து எழுந்த வெப்பம் அங்கே போய்ச் செய்த கொலை. அங்கே விமானத்தில் பறந்து சென்ற எனக்கும் அதில் பங்கு உண்டென்று அறிந்தே இதைச் சொல்லுகிறேன். இறங்குபவன் பாறையைத் தொடாதபடி தடுக்கும் விடுதியையே நாடிச் செல்லுங்கள். தொடுபவரைக் கண்டால், அவர் யாராயிருந்தாலும், அங்கேயே கையை நீட்டித் தடுத்துவிடுங்கள்.